தோலின் நிறமும் நொதியின் உழைப்பும்

கத்தரிக்காயை நறுக்கி வெளியில் வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. தாய்மார்கள் அதனை உடனே நீரில் இடுவது இதனாலேயே. காயிலுள்ள ஒரு நொதி, காற்றிலுள்ள பிராணவாயுவின் துணைகொண்டு அக்கருமையை உண்டாக்குகிறது. அதற்கு ஒப்பான நொதியொன்று நம் தோலிலும் உண்டு. டைரோசினேஸ் என்பது அதன் பெயர். டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மெலனின் என்னும் நிறமியாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது அதுவே.

மெலனினை ஆக்கும் உயிரணுக்கள் கரிய தோலில் மிகுதி, வெளிய தோலில் குறைவு என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. உடலின் ஒரே பகுதியை ஒப்பிட்டால், இருவகைத் தோலிலும் அவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் உள்ளன. அங்ஙனமாயின் வேற்றுமை எங்கே பிறக்கிறது?

இதனை அறிய, அவ்வுயிரணுக்களைத் தோலினின்றும் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் வளர்க்கின்றனர். நொதியைக் கண்ணாற் காண இயலாது. ஆனால் அதன் வேலையை அளக்கலாம். வழிகள் இரண்டு. உயிரணுக்களை உடைத்து, அச்சாற்றில் டோப்பா என்னும் பொருளைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றும். 475 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, நிறம் எவ்வளவு விரைவில் ஏறுகிறது எனக் கருவியால் அறியலாம். ஒவ்வொரு தட்டிலும் உயிரணுக்கள் சம அளவில் இரா. ஆகவே கிடைத்த எண்ணைப் புரதத்தின் அளவால் வகுத்தே ஒப்பிடவேண்டும்.

மற்றது, உயிரணுக்களை உடைக்காது அளக்கும் வழி. கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய டைரோசினை அவற்றுக்கு ஊட்டுவர். நொதி வேலை செய்யுந்தோறும் அந்த ஹைட்ரஜன் கழன்று நீரோடு சேரும். அந்நீரின் கதிரியக்கத்தை எண்ணினால் நொதியின் உழைப்பு விளங்கும்.

1993-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. கரிய தோலின் உயிரணுக்களில் இந்நொதியின் செயல் பத்து மடங்கு வரை மிகுந்திருந்தது. நொதியின் அளவோ பெரிதும் வேறுபடவில்லை! வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருக்கலாம். கணக்கைப் போட்டு முடித்தவர் எத்தனை பேர் என்பதைப் பதிவேடு சொல்லுமோ?

காரணம் 2001-இல் தெளிவாயிற்று. நொதி இருக்கும் நுண்ணிய பைகள் வெளிய தோலின் உயிரணுக்களில் அமிலத்தன்மை மிகுந்தவை. அமிலத்தில் நொதி சோர்ந்து கிடக்கிறது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரத்தை அவ்வுயிரணுக்களுக்குச் சிறிது சேர்த்தபோது அமிலத்தன்மை தணிந்து, ஒரு மணி நேரத்திற்குள் நொதி ஊக்கத்துடன் வேலை செய்தது. நிறத்திற்கு வேறு காரணங்களும் உள; எனினும் இஃது அவற்றுள் முதன்மையானது.

நான் ஆசிரியனாயிருந்த நாளில், தன் நிறத்தைப் பிறர் எள்ளியதால் அழுத சிறுவன் ஒருவனுக்கு, எல்லோரும் சமம் என்று அறிவுரை மட்டுமே கூறினேன். இன்றாயின் எள்ளியவர்களையும் அருகழைத்து, "உங்கள் தோலிலும் அதே உயிரணு, அதே நொதி; ஒரு சிறு பையின் புளிப்பே உங்களிடையே உள்ள வேற்றுமை" என்று விளக்கியிருப்பேன்.