வளையத்திற்கான வழி கால்களில் தொடங்குகிறது

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் பழக்கூடைகளைப் பொருத்தியபோது தற்செயலாக அமைந்த உயரம் அது. இன்றுவரை மாறவில்லை. அந்த உயரத்தை எட்டுவதற்காகப் பத்து வயதுக் குழந்தை பந்தை இடுப்பருகே இறக்கி, இரு கைகளாலும் முழு மூச்சுடன் வீசுகிறது. எப்படியோ பந்து வளையத்திற்குள் விழுந்துவிட்டால் சுற்றி நிற்கும் நாம் கைதட்டுகிறோம். தவறான பழக்கம் ஒன்று வேர்விடுவது பெரும்பாலும் அந்தக் கைதட்டலில்தான்.

இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்கிவிட இயலாது. ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களைப் பணியில் சேர்த்துவரும் நம் நாட்டில், மைதானத்தில் கற்ற திறன் பலருக்கு வாழ்வாதாரமாகவும் அமைந்திருக்கிறது. ஆர்வமும் உழைப்பும் இருந்தும், இளமையில் படிந்த எறிமுறையால் ஒரு கட்டத்திற்கு மேல் முன்னேற முடியாமல் தேங்கிவிடும் பிள்ளைகள் உண்டு.

எறிமுறையில் அப்படி என்ன இருக்கிறது? விடை எளிய கணக்கில் இருக்கிறது. வளையத்தின் விட்டம் சுமார் 45 செ.மீ.; ஆடவர் ஆடும் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு வளையத்தின் வாய் முழுவதும் திறந்திருக்கிறது. 45 பாகைக் கோணத்தில் சாய்ந்து இறங்கும் பந்துக்கு அந்த வாய் சுமார் 32 செ.மீ. அளவே. 30 பாகையில் இறங்கினால் வெறும் 22.5 செ.மீ.; அதாவது பந்தைவிடச் சிறியது! தட்டையாக வரும் பந்து விளிம்பில் மோதித் தெறிப்பதற்கு அதிர்ஷ்டக் குறைவு காரணம் அன்று. அதற்கு உள்ளே நுழைய இடமே இல்லை.

ஆகவே பந்து உயர எழுந்து வளைந்து இறங்க வேண்டும். அதற்கு விசை வேண்டும். அந்த விசை கையிலிருந்து வருவதாகவே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது பாதத்தில் பிறந்து, முழங்கால், இடுப்பு, முதுகு, தோள், முழங்கை வழியே ஏறி, மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் முடிகிறது. கால்கள் வலுவாக இருந்தால் கைக்குத் திசை காட்டும் வேலை மட்டுமே மிஞ்சும். கால்கள் வலுவிழந்தால் அந்தப் பாரமும் கைமீது ஏறும், குறி தவறும். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்.

ஸ்டீபன் கரியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. மெலிந்த உடலுடன் வளர்ந்த அவர், சிறுவயதில் பந்தை இடுப்பு மட்டத்திலிருந்தே எறிந்து பழகியிருந்தார். அவ்வாறு எறிந்தால் உயரமான வீரர்கள் எளிதில் தடுத்துவிடுவர் என்று உணர்ந்த தந்தை டெல் கரி, தாமும் தொழில்முறை வீரராக இருந்தவர், மகனின் உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் எறிமுறையை மாற்றச் செலவிட்டார். தலைக்கு மேலிருந்து எறியப் போதிய வலு இல்லாததால், அந்தக் கோடையில் வளையத்தின் அருகிலிருந்து மட்டுமே மகனால் எறிய முடிந்தது. பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் கணுக்கால் காயங்கள் அவரை வாட்டின. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதன்பின் இடுப்பையும் கால்களையும் வலுப்படுத்தும் பயிற்சி அவருடைய அன்றாட வழக்கமாயிற்று. 2021 டிசம்பர் 14 அன்று, ரே ஆலன் வைத்திருந்த 2,973 மூன்று புள்ளி எறிதல்கள் என்ற சாதனையை அவர் கடந்தார்.

நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது? விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பஸ்கி, தண்டால், ஒரு காலை முன்வைத்து மடங்கி எழுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், வயிற்றையும் முதுகையும் உறுதியாக்கும் பிளாங்க் ஆகியவை போதும். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள். வாரத்தில் மூன்று நாள், இடையே ஒருநாள் ஓய்வு. எடை தூக்கும் பயிற்சியைத் தேர்ந்த பயிற்சியாளரின் மேற்பார்வையில் மட்டுமே தொடங்க வேண்டும். நம் பள்ளி மைதானங்கள் பல சிமெண்ட் தரையைக் கொண்டவை. எனவே குதித்து இறங்கும்போது முழங்கால்களை மடக்கி மென்மையாக இறங்கக் கற்பது முதற்பாடம். வலி தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுவதே முறை.

திறன் பயிற்சியை உடல் களைப்படையும் முன்பே முடித்துவிடுவது நன்று; வலிமைப் பயிற்சி அதன் பின்னர் வரலாம். குழந்தைகளுக்கு 5ஆம் எண் பந்து, சற்று வளர்ந்தபின் 6ஆம் எண் பந்து. 7ஆம் எண் பந்துக்கு அவசரம் வேண்டாம். சிறுவர் கூடைப்பந்தில் வளையமே 2.60 மீட்டர் உயரத்தில்தான் அமைக்கப்படுகிறது. வளையத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நின்று, ஒரு கையால் மட்டும் எறிந்து பழக வேண்டும். முழங்கை வளையத்தை நோக்க, பந்து விரல்களிலிருந்து பின்சுழற்சியுடன் விடுபட வேண்டும். இருபத்தைந்து எறிதல்கள் உள்ளே விழுந்தபின் ஓரடி பின்வாங்கலாம். எந்த இடத்தில் பந்து தோளுக்குக் கீழே இறங்கத் தொடங்குகிறதோ, அதுவே அன்றைய எல்லை. அங்கிருந்து ஓரடி முன்னே வந்துவிட வேண்டும்.

பயிற்சியின் முடிவில், களைத்த உடலுடன் பத்து ஃப்ரீ த்ரோ எறிவது பயன் தரும். ஆட்டத்திலும் அது களைப்பினிடையேதான் வருகிறது. எவரும் குறுக்கே நின்று தடுக்காத ஒரே எறிதல் இது. ஓர் ஆட்டத்தில் 20 ஃப்ரீ த்ரோ பெறும் அணி 60 விழுக்காடு எறிந்தால் 12 புள்ளிகள்; 80 விழுக்காடு எறிந்தால் 16. பல ஆட்டங்களின் முடிவு அந்த நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. எறிந்தவை எத்தனை, விழுந்தவை எத்தனை என்பதை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லலாம். வரவு செலவைப் போலவே இதிலும் எழுதி வைத்த கணக்கு உண்மையைச் சொல்லும்.

ஒன்றை மட்டும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். எறிமுறையை மாற்றும்போது புள்ளிகள் முதலில் குறையும். பழைய முறையில் விழுந்த பந்துகள்கூடப் புதிய முறையில் விழாத வாரங்கள் வரும். பிள்ளை சோர்ந்து பழைய வழிக்குத் திரும்புவது அப்போதுதான். அந்த வாரங்களில் வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை விழுந்தது என்று கேட்பதை விடுத்து, பந்து இன்று எங்கிருந்து கிளம்பியது என்று கேட்போம்.