துவையலும் எளிய இரவு உணவும்

துவையல் என்பது வறுத்த பருப்பையோ வதக்கிய காயையோ மிளகாய், புளி, உப்புடன் சேர்த்துக் கெட்டியாக அரைத்தெடுக்கும் தொடுகறியாகும். சற்றுத் தளர்த்தி அரைத்துக் கடுகு தாளிக்கும் சட்னி பெரும்பாலும் இட்லி, தோசைக்குத் துணையாக, துவையலோ சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்பதற்கு மிகவும் ஏற்றது. நால்வருக்கு ஏறத்தாழ 100 கிராம் துவரம் பருப்பும், 3 அல்லது 4 காய்ந்த மிளகாயும், சிறிது மிளகும், ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவலும், கொட்டைப்பாக்களவு புளியும் போதும்.

பருப்புத் துவையலின் சுவை வறுப்பில்தான் இருக்கிறது. தீயைத் தணித்து, பருப்பு சீராகச் சிவந்து மணம் எழும்வரை கைவிடாமல் வறுத்தால், அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிந்து, வேகவைத்த பருப்பில் கிடைக்காத அருமையான வாசனையைத் தருகின்றன. தீ மிகுந்தால் மேற்புறம் கருகி, உட்புறம் பச்சையாக நின்று, துவையல் கசந்துவிடும். வறுத்ததை ஆறவைத்து, முதலில் பருப்பையும் மிளகாயையும் மிளகையும் உப்புடன் பொடித்து, பிறகே தேங்காயும் புளியும் சேர்த்து, நீரைத் தெளித்துத் தெளித்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும்; மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால் அம்மியில் அரைத்த பதம் ஓரளவு கிட்டும். தேங்காய் சேர்வதால் அன்றே உண்டு தீர்ப்பது நல்லது.

மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் உடனிருந்தால், குழம்போ பொரியலோ இன்றியே இரவுச் சாப்பாடு நிறைவாக முடியும். பலரும் குப்பையில் போடும் பீர்க்கங்காய்த் தோலும், வேலியில் படரும் பிரண்டையும் இதே முறையில் துவையலாகும்; பிரண்டையை மட்டும் நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளியைச் சற்றுக் கூட்டி அரைக்காவிட்டால் நாக்கு அரிக்கும்.