சாலையும் கானகமும்: சிங்கப்பூர் காட்டும் மூன்று நிலைகள்

முன்னுரை

லிட்டில் இந்தியாவின் தேக்கா முனையில் தொடங்கும் புக்கிட் தீமா சாலை, சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றிருக்கும் வடமேற்குத் திசை நோக்கிச் செல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் உருவான சாலைகளுள் இதுவும் ஒன்றாகும். இன்று இந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு சாலைகளுக்கு உரியது. எஞ்சிய காட்டைக் காத்துக்கொண்டே போக்குவரத்தைப் பெருக்க இயலுமா என்பதை மூன்று சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரித்தபின் இணைத்தல்

1986இல் நிறைவுற்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டை அதனை அடுத்துள்ள மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டினின்று பிரித்தது. தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருளாகவும் விலங்கு, புள், மரம் ஆகியவற்றைக் கருப்பொருளாகவும் வகுக்கிறது. முதற்பொருள் துண்டுபடின் கருப்பொருளும் நலியும் என்பதற்கு இச்சாலை சான்றாயிற்று. இரையும் துணையும் தேடிச் சாலையைக் கடந்த எறும்புத்தின்னி முதலியன வாகனங்களில் அடிபட்டு இறந்தன. சிறிய காட்டுக்குள் அடைபட்ட உயிரினங்களின் மரபு வளம் குன்றும் இடரும் எழுந்தது. 27 ஆண்டுகளுக்குப் பின்னர், 2013இல், மரங்கள் நடப்பெற்ற 62 மீட்டர் நீளப் பாலம் ஒன்று சாலையின்மேல் அமைக்கப்பட்டது. எறும்புத்தின்னியும் மரநாயும் அதனைப் பயன்படுத்துவது படக்கருவிகளில் பதிவாகியுள்ளது.

உடன் காத்தல்

மண்டாய் வட்டாரத்தில் புதிய வனவிலங்குப் பூங்காக்கள் திட்டமிடப்பட்டபோது, அங்குள்ள ஏரிச் சாலையின்மேல் விலங்குகளுக்கான பாலமும் திட்டத்தின் ஒரு கூறாயிற்று. 2019 டிசம்பரில், புதிய பூங்காக்கள் திறக்கப்படுமுன்பே, அப்பாலம் பயன்பாட்டிற்கு வந்தது.

முன்னரே எண்ணுதல்

மூன்றாவது சான்று ரயில் பாதை பற்றியதாயினும் சிக்கல் ஒன்றே. 2013இல் அறிவிக்கப்பட்ட குறுக்குத் தீவு ரயில் பாதை, மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டைச் சுற்றிச் செல்ல வேண்டுமென இயற்கை ஆர்வலர்கள் வலியுறுத்தினர். சுற்றுவழி நீளமும் செலவும் மிக்கது. தனியார் நிலங்களைக் கையகப்படுத்தவும் நேரும். சூழல் தாக்க மதிப்பீட்டிற்குப் பின், காட்டினுள் மண்ணாய்வுக்கெனத் திட்டமிட்ட 72 துளைகள் 16ஆகக் குறைக்கப்பட்டன. 2019இல், காட்டின் அடியில் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் அமைக்க முடிவாயிற்று. ஆர்வலர்களின் கோரிக்கை முழுமையாக ஏற்கப்படவில்லை. எனினும் பணி தொடங்குமுன்னரே காட்டின் நலம் கணக்கில் கொள்ளப்பட்டது.

முடிவுரை

பாலம் துண்டுபட்ட காட்டை இணைக்கும். இழந்த காட்டை மீட்டுத் தாராது. ஆகவே, சமநிலை காணவேண்டிய இடம் வரைபடமேயாகும். திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், தேக்காவிலிருந்து செல்லும் சாலை காட்டும் இக்குன்றையே மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.