நாசிலில் அடிப்பிடிக்கும் டீசல்

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வலையைச் சரிபார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். டேங்கின் அடியில் மிச்சமிருக்கும் டீசல் மறந்துபோகும். கிளம்புகிற அன்றைக்கு எஞ்சின் கரும்புகை கக்கினால், "நாசில் போச்சு" என்பார் மெக்கானிக்.

எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைதான் நாசில். பம்பு ரிப்பேர் கடையில் அதைச் சோதிப்பதை ஒருமுறை பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கைப்பிடியை அழுத்த அழுத்த மீட்டர் முள் ஏறும். பழைய மாடல் எஞ்சினென்றால் சுமார் 200 பாரில், அதாவது கார் டயர்க் காற்றைப்போல் நூறு மடங்கு அழுத்தத்தில், 'கிர்' என்ற சத்தத்தோடு டீசல் பனிமூட்டமாய்ப் பறக்கும். (விரலை நீட்டிவிடாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) அடைபட்ட நாசில் ஒரு பக்கமாகத் தாரை அடிக்கும், முனையில் சொட்டு நிற்கும். தாரையாய் விழும் டீசல் முழுதாக எரிவதில்லை. கரும்புகை அங்கிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு முறை நாசிலின் உள்ளிருக்கும் ஊசி மூடும்போதும் அதன் துளைக்குள் துளி டீசல் தங்கும். எஞ்சின் சூட்டில் அதன் இலேசான பங்கு ஆவியாகிவிடும். கனமான பங்கு, தோசைக்கல் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவதுபோல் ஏடு ஏடாகக் கரியாகும்.

டீசலில் கலக்கும் துப்புரவு அடிட்டிவ் சோப்பின் பங்காளி. மூலக்கூறின் தலை உலோகத்தையோ பிசுக்கையோ பிடித்துக்கொள்ளும். நீண்ட வால் டீசலில் அளையும். கரி ஒட்ட இடமிருக்காது. 2,000 பாரை எட்டும் காமன் ரெயில் எஞ்சின்களில் துளைகள் இன்னும் நுண்ணியவை என்பதால் இது கூடுதலாகத் தேவை.

ஆனால் கடற்கரையில் கரியைவிடத் தண்ணீர்தான் பெரிய வில்லங்கம். அரை டேங்கில் அடைபட்ட ஈரக்காற்று இரவில் குளிர்ந்து வியர்க்கும். நீர் அடியில் தங்கும். நீரும் டீசலும் தொடும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து, கறுத்த கொழகொழப்பாக ஃபில்டரை அடைக்கும். துப்புரவு அடிட்டிவ் பாட்டில் இதற்கு மருந்தில்லை. சில அடிட்டிவ், தண்ணீரைப் பொடித்து டீசலோடு கலந்து, நீரைப் பிரிக்கும் செபரேட்டருக்குத் தப்பவைத்து நாசில்வரை அனுப்பிவிடுவதும் உண்டு. நல்ல தயாரிப்பில் நீரைப் பிரிக்கும் பொருளையும் சேர்ப்பது அதனால்தான்.

ஆகவே தடை முடிந்ததும் முதலில் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பாட்டிலைப் பிறகு பார்க்கலாம். ஊற்றிய புதிதில் பழைய பிசுக்கு பெயர்ந்து வரும். படகில் ஒரு ஃபில்டர் கூடுதலாக இருக்கட்டும்.