உடைந்த செங்கலை வீசாதீர்கள்!

(வானொலி உரை)



தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் பழைய மாட்டுச் சாளையை இடித்து, செங்கல் துண்டுகளை வாய்க்கால் ஓரம் குவித்திருந்தார். "ஏனுங்க சார், இதைப் பள்ளத்துல கொட்டிப்போட்டு, புதுச் சாளைக்கு மேக்காட்டுச் செம்மண்ணை வெட்டிக் கல்லு அறுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"மண்ணையும் வெட்டாதீங்க, கல்லையும் கொட்டாதீங்க" என்றேன். காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

மேல்மண் ஓர் அங்குலம் உண்டாகப் பல நூறு வருஷம் ஆகும். அதை வெட்டி விற்றால் ஒரு தடவைதான் காசு. அப்புறம் பள்ளம்தான் மிச்சம். மருதமலைக்கு வடக்கே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டிய ஆழமான குழிகளைப் பார்த்திருப்பீர்கள். ஓடைகள் திசை மாறின. யானை நடமாடும் பாதையும் கெட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2021-ல் அங்கிருந்த சூளைகள் மூடப்பட்டன.

சரி, உடைந்த கல்லால் என்ன பயன்?

செங்கல் என்பது வெந்த களிமண். களிமண்ணில் சிலிகா, அலுமினா என்ற இரண்டு பொருள்கள் உண்டு. சூளைச் சூட்டில் அவற்றின் இறுக்கமான கட்டு தளர்ந்துவிடுகிறது. அப்படி வெந்த கல்லை நைசாகத் தூளாக்கினால், சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு சேர்ந்து மறுபடியும் கல்லாக இறுகும். இதில் இரண்டு வழி உண்டு.

முதல் வழி, நம் பாட்டன் பூட்டன் அறிந்த சுர்க்கி. செங்கல் தூளுக்குத்தான் அந்தப் பெயர். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் கல்லைப் பிடித்து நிறுத்தின. பிற்காலத்தில் சிமெண்ட் கான்கிரீட்டாலும் அதைப் பலப்படுத்தினார்கள். நம் வீட்டு மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டியதும் இதே வித்தைதான்.

சாளைச் சுவர்ப் பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த செங்கல் தூள் 1 பங்கு, மணல் 1 பங்கு போதும். தூள் மாவு போல் இருக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் வெறும் மணலுக்குத்தான் சமம். பூசிய பிறகு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் போல் மறுநாளே இறுகாது, பொறுமை வேண்டும்.

இரண்டாவது வழி புதியது. ஜியோபாலிமர் என்று பெயர். பிரெஞ்சு வேதியியல் அறிஞர் ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970-களில் வைத்த பெயர் அது. இதில் சுண்ணாம்புக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட் கரைசல்களைச் செங்கல் தூளோடு கலந்து அச்சில் வார்க்கிறார்கள். செங்கல் தூள் மட்டும் என்றால் 60 முதல் 80 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைக்க வேண்டியிருக்கும். இரும்பாலைக் கசடுத் தூளையும் சேர்த்தால் சாதாரண வெயிலிலேயே இறுகும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரியில் சுடுவது போன்ற செலவும் புகையும் இல்லை.

சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் வைத்து இந்த வகைக் கான்கிரீட்டை ஆராய்ந்திருக்கிறது. இந்த முறையில் அச்சில் வார்க்கும் பொருள்களுக்கு 2020-ல் இந்தியத் தர வழிகாட்டியும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு விமான நிலையத்தின் தளமே ஜியோபாலிமரில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதை வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள். காஸ்டிக் சோடா தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ போனால் நிலமும் பாழ். ஆகவே கையுறை, கண்ணாடி, சோதனைக் கருவி எல்லாம் வைத்திருக்கும் பட்டறையில், பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. அங்கே வார்த்த கல்லையும் அழுத்தச் சோதனை செய்த பிறகே பாரம் தாங்கும் சுவருக்கு வாங்குங்கள். களத்துக்கும் நடைபாதைக்கும் தளக்கல்லாகப் போட்டுத் தொடங்குவது நல்லது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது மூன்று காரியம்:

1. இடிக்கும்போதே செங்கலைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஜிப்சம் பூச்சு, பிளாஸ்டிக், மரத்துண்டு கலக்க வேண்டாம்.

2. முழுக் கல்லைத் திரும்பக் கட்டுங்கள், துண்டைப் பொடியாக்குங்கள். உருகிக் கறுத்த கல் தூளுக்கு ஆகாது, ஜல்லியாகப் போடலாம்.

3. இடிக்கும்போது தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பெரியவர் இப்போது துண்டுகளை மாமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறார். மேக்காட்டில் வழக்கம்போல் சோளம் விதைத்திருக்கிறார். மண் விளைச்சலுக்கு, உடைந்த கல் கட்டடத்துக்கு. இதை மனதில் வைத்தால் போதுமுங்க.