எந்தத் தெரு என்று கேட்காத வானொலி

"எந்த ஊர்?" என்று கேட்பவர், அடுத்து "ஊரில் எந்தத் தெரு?" என்பார். இரண்டாவது கேள்வி எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹாம் வானொலியில் அந்தக் கேள்வி இல்லை. அழைப்புக் குறி, பெயர், ஊர், சிக்னல் தெளிவாக இருக்கிறதா என்ற விசாரிப்பு. பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது.

அரசிடம் உரிமம் பெற்ற தனிநபர்கள், லாப நோக்கமின்றி, வீட்டிலிருந்தே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி. பொழுதுபோக்குதான். ஆனால் பேரிடரில் அதுவே உயிர்நாடி.

2004 டிசம்பரில் ஐதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு அந்தமான் சென்றிருந்தார் பாரதி பிரசாத். போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் நிலையம் அமைத்து உலக நாடுகளோடு பேசிவந்தார். 26-ம் தேதி நிலம் அதிர்ந்து, கடல் பொங்கி, தொலைபேசிகள் செயலிழந்தன. தீவுகளின் செய்தியை வெளியே கொண்டு சேர்த்தவற்றில் அவருடைய நிலையமும் ஒன்று.

அதே சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணம் வழங்குவதில் தலித் குடியிருப்புகள் புறக்கணிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. யாருடைய குரல் முதலில் வெளியே போகிறதோ, அவர்களுக்கே உதவி முதலில் வருகிறது. நம் குடியிருப்பின் சேதத்தை நாமே சொல்ல ஒரு கருவி வேண்டும். 2015 வெள்ளத்தில் செல்போன்கள் முடங்கியதை அம்பத்தூர், ஆவடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டு நிலையத்துக்கு என்ன வேண்டும்?

கள்ளிக்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியை எடுத்துக்கொள்வோம். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுமார் 20 மீட்டர் செப்புக் கம்பி போதும். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இழுத்துக் கட்டினால் ஆன்டெனா தயார். நடுவிலிருந்து ஒரு கோஆக்சியல் கேபிள் அறைக்குள் இறங்கும். உள்ளே ஒரு டிரான்ஸீவர், மைக், 12 வோல்ட் பேட்டரி. கரண்ட் போனாலும் பேசலாம். அலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், பகலில் சில நூறு கிலோமீட்டர் வரை குரல் போகும். ஆவடி, பூந்தமல்லி தூரத்துக்குக் கையடக்க வி.எச்.எஃப். செட் போதும்.

கம்பியும் கேபிளும் ரிச்சி தெருவில் கிடைக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு சால்டரிங் கைவந்த வேலை.

அப்படியிருந்தும் தடை எங்கே? அலையில் சாதி கேட்பதில்லை, மாடியில் கேட்கிறார்கள். வாடகை வீட்டில் கம்பி கட்ட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். வீடே கிடைக்காதவருக்கு மாடி எப்படிக் கிடைக்கும்? புது டிரான்ஸீவரின் விலை பல ஆயிரங்கள். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன.

இதைத் தனி ஆளாகத் தாண்டுவது கடினம், கூடித் தாண்டலாம். மத்திய அரசு நடத்தும் தேர்வை 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். மின்னணு அடிப்படையும் வானொலி விதிகளும்தான் பாடம். தொடக்க நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் குறி தேவையில்லை. மன்றங்களும் உரிமம் பெறலாம். உரிமம் இல்லாமல் அலையில் பேசுவது குற்றம் என்பதை மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

நம் அம்பேத்கர் படிப்பகங்களுக்குப் பொதுவான கட்டடம் இருக்கிறது, மாடி இருக்கிறது, மாலையில் கூடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வுப் பாடத்தைத் தமிழில் சொல்லித்தர ஒரு ஐ.டி.ஐ. மாணவர் முன்வந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம். அடுத்த மழைக்காலத்தில் ஏரி நிறைந்து தண்ணீர் தெருவுக்கு வரும்போது, எந்தத் தெரு என்று நாமே அலையில் சொல்வோம்.