கறிவேப்பிலை வாங்க எட்டு சீட்டு வண்டி!

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு கிராமம். 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்த பிரமாண்டமான எலும்புகளை ஆராய்ந்து, அந்த டைனோசருக்கு 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேரிலேயே விஷயம் இருக்கிறது. பிருஹத் காயம் என்றால் பெரிய உடம்பு! "இது எலும்புதானா, இல்லே கல்லாப்போன மரமா?" என்று சந்தேகப்பட்ட விஞ்ஞானிகள்கூட உண்டு. அவ்வளவு பருமன்!

டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி வருஷமாச்சு. ஆனால், நம்ம ஊருக்கும் பெரிய உடம்புக்கும் உள்ள உறவு மட்டும் விட்டுப்போகவில்லை. சந்தேகமிருந்தால், நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து சாயங்காலம் ஆறரை மணிக்கு அரியலூர் தேரடிப் பக்கமோ, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ வந்து நில்லுங்கள். இன்னோவா, ஸ்கார்ப்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர் என்று வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்தால்... ஒரே ஒருத்தர்! வீட்டுக்காரம்மா கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கிவரச் சொல்லியிருப்பார்!

எனக்கு ஜாகை பெரம்பலூரில், உத்தியோகம் அரியலூரில். நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம். தினமும் இரண்டு தடவை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த ரோட்டைப் பார்க்கிறேன். முக்கால் மணி நேரப் பயணத்தில் ஊர் தாண்டிய ரோடு சல்லென்று ஓடிவிடும். இரண்டு பக்கமும் ஊருக்குள் நுழைகிற அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் இருக்கிறதே, அதுதான் பிராணனை வாங்குகிறது. இந்தக் குடும்ப வண்டிகளுக்கு ஊருக்குள்ளே என்ன வேலை என்று யோசிக்க ஆரம்பித்தது அந்த ஒரு கிலோமீட்டரில்தான்.

வளர்ந்த கதை

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிற்கால மாடலின் நீளம் 3.335 மீட்டர், அகலம் 1.44 மீட்டர். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள்... முடிந்தது குடும்பம். 'எங்க வீட்ல பாட்டி இருக்காங்களே!' என்றவர்களுக்கு 1984-ல் ஆம்னி வந்தது. 1994-ல் டாடா சுமோ. கல்யாண வீட்டுக்காரர்களும் கட்சிக்காரர்களும் சுமோவுக்குச் சொத்தை எழுதிவைக்காத குறை! 2000-ல் குவாலிஸும் பொலேரோவும், 2002-ல் ஸ்கார்ப்பியோ, 2005-ல் இன்னோவா.

பேர் மாறியதோடு உடம்பும் வளர்ந்தது. இன்னோவா கிரிஸ்டா 4.735 மீட்டர் நீளம், 1.83 மீட்டர் அகலம். ஸ்கார்ப்பியோ-என் 4.662 மீட்டர் நீளம், 1.917 மீட்டர் அகலம். இதில் சைடு கண்ணாடிக் 'காது'கள் சேர்த்தி இல்லை.

மீட்டர் கணக்கு மனசில் நிற்காது. நம்ம ஊர் பாஷையில் சதுர அடிக்கு மாற்றினேன். மாருதி 800 அடைக்கும் இடம் சுமார் 52 சதுர அடி. கிரிஸ்டா 93. ஸ்கார்ப்பியோ-என் 96. வீடு கட்டுகிறவர்களைக் கேளுங்கள், நூறு சதுர அடி ஒரு 'சதுரம்'. ஆக, கடைவீதியில் ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டு ஜவுளி எடுக்கப் போகிறார் என்றால், கிட்டத்தட்ட ஒரு சதுரம் இடத்தை வாடகையில்லாமல் வளைத்துப் போட்டுவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். பக்கத்திலேயே அதில் பாதி இடத்தில் பொட்டிக்கடை போட்டிருப்பவர், மாசம் பிறந்தால் அட்வான்ஸ், வாடகை, கரன்ட் பில் என்று அழுதுகொண்டிருக்கிறார்!

இருபதடி ரோடு

இன்னொரு கணக்கு. இதற்குப் பேப்பர், பேனாகூட வேண்டாம்.

இருபதடி அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இது தாராளமான தெரு! இடது பக்கம் ஒரு கிரிஸ்டா நிற்கிறது. அகலம் 1.83 மீட்டர், அதாவது ஆறடி. எதிர்ச்சாரியில் இன்னொன்று, அதுவும் ஆறடி. மிச்சம் எட்டடி. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு பஸ்ஸோ லாரியோ இருக்கக்கூடிய அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. எட்டடிக்குள் எட்டரை அடி எப்படிப் போகும்? 'ஒரு ரெண்டு நிமிஷம்தான் ஸார்' என்று இரண்டு பேர் நிறுத்தினால் போதும், ஒரு தெருவே தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

இதே இடத்தில் இரண்டு மாருதி 800 நின்றிருந்தால் மிச்சம் பத்தரை அடி இருந்திருக்கும். பஸ், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி விட்டு மெதுவாக நழுவிப் போயிருக்கும். இரண்டரை அடிதான் வித்தியாசம். 108 ஆம்புலன்ஸ் பின்னால் நின்று அலறும்போதுதான் அந்த இரண்டரை அடிக்கு என்ன விலை என்று தெரியும்.

அவங்க பக்கத்து நியாயம்

சும்மா ஒரு பக்கமாகப் பேசினால் அடி விழும். பெரம்பலூரில் ஒரு வண்டிக்காரரிடமே கேட்டேன். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். பொரிந்து தள்ளிவிட்டார்.

"தம்பி, பேச்சு நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர்ல ரயில்வே ஸ்டேஷன் இருக்கா, சொல்லுங்க! ரயில் ஏறணும்னா அரியலூருக்கு ஓடணும். ஏர்போர்ட்டுக்கு திருச்சி. புள்ளை வெளிநாடு கிளம்புறான்னா வழியனுப்ப அவங்கம்மா வரும், தங்கச்சி வரும், மாமியார் வரும், ரெண்டு பொட்டி, அதுல பாதி ஊறுகாய்! இதை சின்ன வண்டியில ஏத்த முடியுமா? எங்கம்மாவுக்கு முட்டி வலி. தாழ்வான கார்ல உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க. இதுல கதவைத் திறந்தா அப்படியே காலை வச்சு இறங்கிடுவாங்க..."

ஒரு வார்த்தையைக்கூடத் தள்ள முடியாது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பது நிஜம். ரயில் இல்லாத ஊரில் குடும்பத்தோடு நகர வேண்டுமென்றால் குடும்ப வண்டிதான் ரயில்! சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி வழக்கமாகத் திறப்பதே திங்களும் வெள்ளியும்தான். குலதெய்வக்காரர்கள் எங்கெங்கிருந்தோ பொங்கல் பானையோடு வந்து இறங்குகிறார்கள். எட்டுப் பேர் ஒரே வண்டியில் வந்தால், நாலு பைக்கில் குழந்தையை முன்னாலும் பானையைப் பின்னாலும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறப்பதைவிட நூறு மடங்கு பத்திரம். அதிலும் அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, கனமான வண்டி ஏன் தைரியம் தருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, எட்டு சீட்டில் எட்டுப் பேர் போனால் கையெடுத்துக் கும்பிடலாம். ஏழு சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு சங்குப்பேட்டையிலிருந்து கடைவீதிக்குத் தயிர் வாங்க வருவதில்தான் சிக்கல்.

பானெட் உயரத்தில் ஒரு தலை

இடம் அடைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உயிர்ச் சமாசாரம் ஒன்று இருக்கிறது.

தாழ்வான கார் இடித்தால் அடி காலில் படும். ஆள் பெரும்பாலும் பானெட் மேல் விழுவார். உயரமான, சப்பையான மூக்குள்ள வண்டி இடித்தால் அடி நெஞ்சில், குழந்தையானால் தலையில். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, பானெட் முனை 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் இடித்தால், 30 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள சரிவான கார்களைவிடப் பாதசாரி சாகிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்கிறது. 40 அங்குலம் என்பது எல்.கே.ஜி. குழந்தையின் உயரம்! டிரைவர் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பவருக்கு ஊரே தெரியும். பானெட்டுக்குக் கீழே நிற்கும் குழந்தை தெரியாது.

இந்த அழகில், முன்னால் இரும்புக் குழாயில் ஒரு பம்பர் வேறு! இதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாதென்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்துபோகிறவருக்கு ஆபத்து, ஓட்டுகிறவருக்கும் ஏர்பேக் நேரத்தில் விரியாமல் போகலாம். 'கம்பீரமா இருக்குல்ல?' என்று மாட்டுகிறவர்கள், தன் குடும்பத்தின் ஏர்பேக்குக்கே வேட்டு வைக்கிறார்கள்.

பாரிஸ் என்ன பண்ணுது?

இது நம்ம ஊர்த் தலைவலி மட்டுமில்லை. பிரான்ஸின் பாரிஸில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. வந்தவர்களில் 54.5 சதவீதம் பேர் 'கட்டணத்தை ஏத்து!' என்றார்கள். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து, வெளியூரிலிருந்து வரும் 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு நகரின் மையத்தில் பார்க்கிங் ஒரு மணி நேரத்துக்கு 18 யூரோ. மூன்று மடங்கு!

ஜப்பானில் இன்னும் கெட்டி. வண்டியை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்றிதழ் வாங்கினால்தான் கார் பதிவாகும். 1962-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். கூடவே 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்துக்குள் அடங்கும் 'கெய்' என்ற குட்டிக் கார்களுக்குச் சலுகை. நம்ம மாருதி 800-ம் அந்த வம்சம்தான்!

நம்ம சர்க்காரும் சும்மா இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தாண்டினால் 40 சதவீதம். ஆனால் வரி என்பது வாங்கும்போது ஒரு தடவை வலிப்பதோடு சரி. தெருவை அடைப்பதற்கு ஒரு பைசா செலவில்லையே!

அப்போ என்னதான் பண்றது?

நகராட்சிக்கு முதல் வேண்டுகோள். கடைவீதிக்கு வெளியே, நடக்கிற தூரத்தில் பெரிய வண்டிகளுக்கென்று இடம் ஒதுக்குங்கள். இடமே காட்டாமல் 'நிறுத்தாதே' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். இடம் ஒதுக்கிய பிறகு காலையில் பள்ளிக்கூட நேரத்திலும், சாயங்காலம் கடை நேரத்திலும் உள்ளே நிறுத்தினால் அபராதம் போடுங்கள். இடைஞ்சலாக வண்டியை விட்டுப் போவது குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. இது கார்களுக்கு மட்டுமில்லை. குறுக்கே நிறுத்தும் பைக்குக்கும், நடைபாதையில் அடுக்கிய பிளாஸ்டிக் குடத்துக்கும், நடுரோட்டில் ஆள் ஏற்றும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து, புதுசாக வண்டி வாங்கக் கனவு காணும் என் வயசுப் பையன்களுக்கு... ஒரு கணக்கு. 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாசம் சுமார் 19,300 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 16 லட்சத்துக்கு மேல். 'பெரிய வண்டி இருந்தாத்தான் பொண்ணு குடுப்பாங்க' என்பான் ஆபீஸில் ஒரு நண்பன். கொடுப்பார்கள் மச்சான், அப்புறம் அந்தப் பெண்ணுக்குப் பெட்ரோல் பங்க்கைத் தவிர வேறெதையும் சுற்றிக்காட்டக் காசிருக்காது! வருஷத்தில் எத்தனை நாள் ஐந்து பேருக்கு மேல் போகப் போகிறோம் என்று விரல் விட்டு எண்ணுங்கள். பத்துப் பதினைந்து நாள்தான் என்றால் அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள். மிச்ச நாளைக்குச் சின்ன வண்டி. அதற்கும் குறைந்த தூரமென்றால் ரெண்டு கால்!

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்றே ஒன்று. வண்டியை விற்கச் சொல்லவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், குலதெய்வத்துக்குப் போங்கள், தம்பியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வாங்க. கடைவீதிக்கு மட்டும் அது வேண்டாம். கடைவீதி முனையில் பூக்கட்டுகிற ஒரு அம்மாவிடம் இதைப் பற்றி மூணு பக்கத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். முழத்தை அளந்தபடியே சொன்னார்:

"எழுது தம்பி. முழுசா வேணாம். அவங்க வண்டியில வந்தா பூக்காரியே கண்ணுக்குத் தெரியறதில்ல... நடந்து வந்தா ரெண்டு முழம் வாங்கிட்டுப் போறாங்க. அதை மட்டும் எழுது, போதும்!"